ராத்திரியில் காணாமல் போன ஒரு யூனிட்

இப்போதெல்லாம் விடியும்போது பேட்டரியில் 35 சதவீதத்துக்குப் பக்கம் மிச்சம் நிற்கிறது. குடிவந்த புதிதில் இதே பேட்டரி, இதே விசிறிகள், இதே ஃபிரிட்ஜ். ஆனால் விடிவதற்கு முன்னாலேயே 20 சதவீதத்தைத் தொட்டு, இன்வெர்ட்டர் நாலு முறை கத்திவிட்டு அணைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பேனல்கூட வாங்கவில்லை, பேட்டரியையும் கூட்டவில்லை. லைன் கரண்ட் இல்லாத இடத்தில் முழுக்க முழுக்க வெயிலை நம்பி ஓடும் வீடு இது. கட்டியதிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது வரை வரிசையாக எழுதி வைக்கிறேன். சூரிய மின்சாரம் எப்படி உருவாகிறது என்ற பாடமெல்லாம் இதில் இல்லை.

சுவரும் கூரையும்

சோலார் வீடு என்றதும் எல்லோரும் பேனலில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது கூரையில். கூரை சூடேறினால் ராத்திரி முழுக்க எல்லா விசிறியும் முழு வேகத்தில் ஓடும். அந்த ஓட்டம் முழுவதும் பேட்டரியின் தலையில்தான் விடியும்.

வெளிச்சுவர்களைச் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினோம். ராட் டிராப் பாண்ட் (எலிப்பொறிக் கட்டு) என்பார்கள். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை. சுவர் வழக்கமான 9 அங்குல அகலம்தான், செங்கல் கால்வாசி வரை மிச்சமாகும். கொத்தனாருக்கு முதல் இரண்டு வரி வரைக்கும் எரிச்சல். கலவை உள்ளே விழாமல் வைக்க நேரம் பிடிக்கிறது. கை பழகியதும் சரியாகிவிட்டது. இதில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டி வரும் இடம், ஜன்னலின் அடி, லிண்டலின் அடி, இங்கெல்லாம் வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கட்டியாக வேண்டும். ஒயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுவர் எழுப்ப முடியும்.

கூரைத் தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி ஃபோம்), அதன் மேல் கம்பி வலை போட்ட கலவை, அதன் மேல் வெள்ளை ஓடு. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்த இடங்களில் ஃபோம் அடித்து அடைத்தோம். சாமான் அறையின் மேல் மட்டும் பலகை போடவில்லை, பட்ஜெட் இடிக்கிறது என்று விட்டுவிட்டோம். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அறை கிடைத்தது. அகச்சிவப்பு வெப்பமானியைக் கூரையின் உட்புறம் நோக்கிப் பிடித்தால், பிற்பகல் மூன்று மணிக்குப் படுக்கையறையில் 34 டிகிரி, சாமான் அறையில் 43. இரவு பத்து மணிக்குப் படுக்கையறை 32க்கு இறங்கியிருக்கும், சாமான் அறை இன்னும் 40இல் நிற்கும். பகல் வெப்பத்தைக் கான்கிரீட் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கும் நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. பலகை தளத்துக்கு மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல என்று சொல்வது இதனால்தான். கீழே ஒட்டினால் தளம் வெந்துகொண்டேதான் இருக்கும்.

மேற்கில் சன்ஷேடு பேருக்குத்தான். சாய்ந்த வெயில் அதன் அடியால் உள்ளே நுழைந்துவிடும். மேற்கு ஜன்னல்களைச் சின்னதாக்கி, வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். தட்டியை ஜன்னலுக்கு உள்ளே தொங்கவிட்டால் பாதிப் பலன்கூட இல்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸை (மிகக் குறைந்த ஆற்றலில் ஓடும்படி கட்டிய வீட்டை)ப் பற்றிப் படித்துவிட்டு, வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்தத் தரத்தின்படி 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்றின் 0.6 மடங்குக்கு மேல் கசியக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து விசிறிக் காற்றில் படுப்பவர்களுக்கு அந்தச் செலவு எதற்கு? விட்டுவிட்டேன். ஆனால் கட்டும் முன்பே ஆண்டு முழுக்க வீடு எவ்வளவு ஆற்றல் கேட்கும் என்று கணக்குப் போடும் அவர்களுடைய பழக்கம் பிடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

தாளில் போட்ட கணக்கு

பழைய வீட்டிலேயே ஒவ்வொரு சாமானையும் பிளக் மீட்டரில் செருகி அளந்தேன். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.1 யூனிட். பழைய விசிறிகள் 75 வாட் இழுத்தன. அவற்றை விட்டுவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி விசிறிகள் வாங்கினேன், முழு வேகத்திலும் 30 வாட்தான். ஐந்து விசிறி சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். எல்இடி விளக்குகள் எல்லாம் சேர்ந்து 0.45. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், லேப்டாப், டிவி, ரூட்டர், சமையலறைச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 1.85. மொத்தம் 5.2 யூனிட்.

குளிக்க வெந்நீர் இந்தக் கணக்கில் இல்லை. நூறு லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற 2.3 யூனிட் வேண்டும். ஃபிரிட்ஜின் இரண்டு நாள் கணக்கு ஒரு குளியலில் போய்விடும். அதனால் வெந்நீருக்குத் தனியாகக் கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர். மொத்த வீட்டிலும் செலவுக்குப் பலன் அதிகம் தந்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

5.2 யூனிட்டை வைத்துத்தான் பேட்டரி வாங்கினேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட், 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி, அதாவது 5.12 யூனிட். இருபது சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில்லை என்று வைத்தால் கைக்கு வருவது 4.1. பகலில் வேலையைப் பேனலே பார்த்துக்கொள்ளும், ராத்திரிக்குப் பாதிதானே வேண்டும், தாராளம் என்று தோன்றியது. இன்வெர்ட்டரை 5 கிலோவாட் திறனில் எடுத்தேன், "பெரிசா இருந்தா என்ன கெட்டுப்போகுது" என்று. என்ன கெட்டுப்போனது என்பது பின்னால் வருகிறது.

மாடியில்

540 வாட் பேனல்கள் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். ஆறையும் ஒரே தொடராக இணைத்தேன். திறந்த சுற்றில், அதாவது எதையும் ஓட்டாதபோது, ஒரு பேனல் 49.5 வோல்ட், ஆறுக்கு 297. ஓடும்போது 250க்குப் பக்கம், 13 ஆம்பியர். தொடராக இணைத்ததன் லாபம் கேபிளில் தெரிகிறது. மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வரை 25 மீட்டர், போக வர 50 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளில் 3.3 வோல்ட் மட்டுமே இழப்பு. 250இல் அது 1.3 சதவீதம். கேபிளைத் தடிமனாக்கும் செலவு மிச்சம்.

ஸ்டாண்டு விஷயத்தில் ஒரு வேலையை முன்பே செய்திருக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்களுக்கான கான்கிரீட் பீடங்களைத் தளம் போடும்போதே சேர்த்து வார்த்திருந்தால் போதும். பலகையும் ஓடும் முடிந்த பிறகு துளை போட்டால் நீர்க்கசிவுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். கடைசியில் ஓட்டின் மேலேயே கனமான பீடங்களை உட்கார வைத்து, கைப்பிடிச் சுவரோடு சேர்த்து முடுக்கினோம். காற்றுக்கு அசையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு புயல் செய்திக்கும் ஸ்பேனரோடு மாடிக்குப் போய் போல்ட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

பேனலுக்கும் ஓட்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டோம். பேனல் தட்டில் எழுதியிருக்கும் 540 வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. நல்ல வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறைவதால் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். 3.24 கிலோவாட்டுக்கு நான் பார்த்த நீடித்த உச்சம் 2.6. ஒரு தடவை மட்டும், மழை விட்டுச் சட்டென்று வெயில் அடித்தபோது, இன்வெர்ட்டர் திரையில் 3.1 தெரிந்தது. பேனல் குளிர்ந்திருந்ததுதான் காரணம்.

நிழலுக்கு ஒரு பாடம். பேனலைப் பொருத்தியபோது சூரியன் உயரத்தில் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் பக்கமே வரவில்லை. சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் காலை எட்டரை மணிக்கு அதே நிழல் முதல் பேனலின் மூலையில் ஏறி உட்கார்ந்தது. தொட்டியின் தலை பேனலைவிட ஒன்றரை மீட்டர் உயரம். சூரியன் 30 டிகிரி உயரத்தில் நின்றால் நிழல் 2.6 மீட்டர் நீளும். நான் விட்டிருந்தது 2 மீட்டர். பேனலுக்குள் பைபாஸ் டயோடுகள் இருப்பதால் மொத்தத் தொடரும் படுத்துவிடவில்லை. நிழல் விழுந்த பேனலின் மூன்றில் ஒரு பங்கை அவை தாண்டிப் போய்விடும். இருந்தாலும் காலைச் சார்ஜிங் மந்தமானது கண்கூடு. தொட்டியை நகர்த்துவதைவிடப் பேனல் வரிசையை நகர்த்துவது சுலபமாக இருந்தது. பேனல் போடப் போகிறவர்கள், ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்த நாளின் நிழலை முதலில் வரைந்து பாருங்கள்.

டிசி பக்கம் ஓர் எச்சரிக்கை. பேனலிலிருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். 300 வோல்ட்டுக்கு நெருக்கமான டிசியில் வீட்டு எம்சிபியை (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்சை)ப் போடக் கூடாது. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் மின்னோட்டம் ஒரு நொடிக்குள் பலமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசியில் அந்தச் சலுகை கிடையாது, ஸ்விட்சைத் திறந்த பிறகும் பொறி எரிந்துகொண்டே நிற்கும். டிசிக்கு என்றே செய்த ஐசோலேட்டரும் (சுற்றைக் கையால் துண்டிக்கும் ஸ்விட்ச்) எம்சிபியும்தான் வேண்டும். சில டிசி எம்சிபிகளில் பிளஸ், மைனஸ் பக்கம் குறித்திருப்பார்கள், அதை மாற்றிப் போட்டாலும் இதே கதைதான்.

பேட்டரி, லக், ஒரு வாஷர்

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு ஒன்றரை மீட்டர் தூரம், 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். முதன்முதலில் இணைக்கும்போது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெறுமையாக இருப்பதால் முனை தொட்டதும் படாரென்று பெரிய பொறி வரும். கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கின் முகமே கருகிவிடும். அதைத் தவிர்க்க, 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கையுறை போட்ட கையால் இடையில் பிடித்துச் சில நொடி சார்ஜ் ஆகவிட்டு, பிறகு கேபிளை இணைத்தோம். சத்தமே இல்லை.

சத்தமில்லாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. குடிவந்த கொஞ்ச நாளில் பேட்டரிப் பக்கம் போனால் சூடான பிளாஸ்டிக் வாடை. வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தால் நான்கு முனைகளில் மூன்று 36 டிகிரி, பேட்டரியின் மைனஸ் முனை மட்டும் 58. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை லக்கின் மேலும் மறு முள்ளைப் பேட்டரி முனையின் உலோகத்தின் மேலும் அழுத்தினேன். மோட்டாரும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒன்றாக ஓடி 55 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் 130 மில்லிவோல்ட் காட்டியது. 55 ஆம்பியரில் 0.13 வோல்ட் என்றால் 7 வாட். கட்டைவிரல் அகல இடத்தில் ஏழு வாட் எரிகிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் அணைத்து, ஃபியூஸைக் கழற்றிவிட்டு முனையைப் பிரித்தோம். இரண்டு குற்றவாளிகள். ஒன்று, ஸ்டீல் வாஷர் லக்கின் மேல் இருக்க வேண்டியது. அது லக்குக்கும் முனைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய ஸ்டீல் வழியாகத்தான் போயாக வேண்டும், செம்பை ஒப்பிட ஸ்டீல் பல மடங்கு மோசமான கடத்தி. இரண்டு, லக்கைச் சுத்தியலால் நசுக்கியிருந்தார்கள். அறுத்துப் பார்த்தால் கம்பி இழைகளுக்கு நடுவே ஊசி போகும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. லக்கைக் கம்பியோடு அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியை வாடகைக்கு எடுத்து, எல்லா லக்கையும் புதிதாக அடித்தோம். முனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, லக் நேராக முனையோடு, அதன் மேல் வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், அதன் மேல் நட்டு. பேட்டரிக் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முடுக்கினோம். அதே 55 ஆம்பியரில் இப்போது 9 மில்லிவோல்ட்.

மில்லிவோல்ட் அளவை ஒவ்வொரு இணைப்புக்கும் எழுதி, பேட்டரிப் பெட்டியின் கதவுக்கு உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன். ஏதாவது ஒன்று ஏறத் தொடங்கினால் வாடை வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

விடியுமுன் கத்தும் இன்வெர்ட்டர்

லக் சரியானதும் பேட்டரி விடியும்வரை நிற்கும் என்று நம்பினேன். நிற்கவில்லை. 7 வாட் ஒரு காரணமாக இருக்க முடியாது என்பதும், அது 55 ஆம்பியர் போகும்போது மட்டும் என்பதும் கொஞ்சம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும்.

முதலில் பேட்டரி மேலேயே சந்தேகம் வந்தது. வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கப் போனேன். இந்த வகைப் பேட்டரியில் அது வேலைக்கு ஆகாது. 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், கடைசியில் மட்டும் சடாரென்று சரியும். மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் ஒன்றை மைனஸ் பக்கம் போட்டு, உள்ளே போகும் ஆம்பியர், வெளியே வரும் ஆம்பியர் இரண்டையும் எண்ண வைத்தேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் ஒரு நாளைக்கு 5.2 அல்ல, 7.5 யூனிட் எடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாச் சாமானும் மீட்டரில் அளந்தவை. பிறகு எங்கே போகிறது? நம் வீட்டு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் பையனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "சார், எல்லா எம்சிபியையும் இறக்கிட்டு பேட்டரி ஒயர்ல ஒரு தடவை கிளாம்ப் போட்டுப் பாருங்க" என்றான்.

கிளாம்ப் என்பது ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர். அதில் டிசி அளக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண ஏசி கிளாம்ப் பேட்டரிக் கேபிளில் பூஜ்யம்தான் காட்டும், நாமும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம். அளக்கும் முன் பூஜ்யப் பொத்தானையும் அழுத்த வேண்டும். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, எல்லா எம்சிபியும் கீழே. மீட்டரில் 1.2 ஆம்பியர். 52 வோல்ட்டால் பெருக்கினால் 62 வாட். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கு வாங்கும் கூலி அது. இரண்டு பிஎல்டிசி விசிறிகளை இரவு முழுக்க முழு வேகத்தில் ஓட்டிவிடலாம். இன்வெர்ட்டர் பெரிதாகப் பெரிதாக இந்தக் கூலியும் ஏறுகிறது. விவரத்தாளில் இது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அணைத்து வைத்த டிவியும் அதன் பெட்டியும் 11 வாட். தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவி 4. மைக்ரோவேவின் கடிகாரம் 3. துணி துவைக்கும் இயந்திரம் 2. வாசல் கேமரா 5. ஆக 25. மொத்தம் 87 வாட், மாலை ஆறு முதல் காலை ஏழு வரை பதின்மூன்று மணி நேரம்: 1.1 யூனிட். ராத்திரிக்கு என்று கைக்கு வருவது 4.1 யூனிட், அதில் கால் பங்குக்கு மேல் யாருக்கும் எந்த வேலையும் செய்யாமல் கரைந்துகொண்டிருந்தது.

இன்வெர்ட்டரின் மின்சேமிப்பு முறையை ஆன் செய்து பார்த்தேன். சில நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பி, 50 வாட்டுக்கு மேல் யாராவது கேட்டால் மட்டும் முழுதாக விழித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளியலறையின் 9 வாட் விளக்கைப் போட்டால் அது மின்மினி போலக் கண் சிமிட்டும், ரூட்டர் அணைந்து அணைந்து எழும். ஒரே ராத்திரியில் அந்த முறைக்கு வீட்டில் தடை விழுந்தது.

சின்ன இன்வெர்ட்டர்

ராத்திரிக்கு வேண்டியவை விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ், ரூட்டர், கேமரா. எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. ஃபிரிட்ஜ் மெல்ல வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வகை என்பதால் தொடங்கும்போது பெரிய உதை இல்லை. இதற்கு 5 கிலோவாட் எதற்கு? 48 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் பியூர் சைன் (லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். சும்மா இருக்கும்போது 12 வாட். விலை பெரியதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரி பஸ்பாரிலிருந்து (கேபிள்கள் சேரும் உலோகப் பட்டையிலிருந்து) 10 சதுர மில்லிமீட்டர் கேபிள், 40 ஆம்பியர் டிசி ஃபியூஸ், ஹைட்ராலிக் கிரிம்ப் அடித்த லக். வாஷர் எங்கே போகிறது என்று நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

சிக்கல் ஒயரிங்கில்தான். இரண்டு இன்வெர்ட்டர்களின் வெளியீடும் ஒரு கணம்கூட ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் இரண்டும் போச்சு. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரண்டு துருவ சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட்டோம். மேலே தள்ளினால் பெரியது, கீழே தள்ளினால் சின்னது, நடுவில் இரண்டும் இல்லை. நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிட்டு பேஸை மட்டும் மாற்றும் மலிவான வழியை ஒருவர் சொன்னார். வேண்டாம். நியூட்ரல் கலந்தால், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் தாறுமாறாக நடந்துகொள்ளும். எர்த்தோடு நியூட்ரலைச் சேர்க்கும் இடம் ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் சரியாக இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன், அது கையேட்டைப் படித்துவிட்டுக் கை வைக்கும் வேலை இல்லை.

இதைவிட நேரம் தின்றது சர்க்யூட்டுகளைப் பிரித்தது. வீட்டு ஒயரிங்கில் படுக்கையறை விசிறியும் துணி துவைக்கும் இயந்திரத்தின் பிளக்கும் ஒரே எம்சிபியில் இருந்தன. ராத்திரிச் சாமான்களைத் தனியாக ஒரு பெட்டிக்குக் கொண்டுவரக் குழாய்களுக்குள் புதுக் கம்பி இழுக்க வேண்டியதாயிற்று; இரண்டு இடத்தில் சுவரைக் கொத்தினோம். இதற்கான கூலி, சின்ன இன்வெர்ட்டரின் விலையைத் தாண்டிவிட்டது. கட்டும்போதே இரண்டு பெட்டி என்று சொல்லியிருந்தால் கூடுதலாக ஆகியிருப்பது கொஞ்சம் கம்பிதான்.

சின்ன இன்வெர்ட்டருக்கு லெட் ஆசிட் பேட்டரிப் பழக்கம். 42 வோல்ட் வரை இழுத்துக்கொண்டே போகும். நம் பேட்டரியில் பதினாறு செல், ஒவ்வொன்றும் 2.6 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பேட்டரியின் சொந்தப் பாதுகாப்புச் சுற்று கடைசி நேரத்தில் துண்டிக்கும் என்றாலும் தினமும் அதைப் பரீட்சைக்கு உட்படுத்த மனமில்லை. ஷன்ட் மானிட்டரின் ரிலே மூலம் 20 சதவீதத்தில் சின்னது அணையும்படி வைத்திருக்கிறேன். ஷன்ட் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் சரியாக எண்ணுவதில்லை, நாள் போகப் போகச் சதவீதம் கொஞ்சம் பொய் சொல்லும். பேட்டரி முழுதாக நிறையும் நாளில் அது தானே நூறுக்கு வந்துவிடுகிறது.

ராத்திரிச் சும்மா செலவு 87 வாட்டிலிருந்து 17க்கு வந்தது. 12 இன்வெர்ட்டர், 5 கேமரா. மற்றவை பெரிய இன்வெர்ட்டரோடு சேர்ந்து தூங்கிவிடுகின்றன. அதே பதின்மூன்று மணி நேரமும் சின்னதில் ஓட்டினால் ராத்திரிக்கு 0.9 யூனிட் மிச்சம். அந்த அளவைக் கூடுதல் பேட்டரியாக வாங்கியிருந்தால் சின்ன இன்வெர்ட்டர், சேஞ்ச்ஓவர், ஒயரிங் கூலி எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம் ஆகியிருக்கும்.

இப்போதைய நடைமுறை

படுக்கப் போகும் முன் கைப்பிடியைக் கீழே தள்ளி, பெரியதை அணைக்கிறோம். மாற்றும் கணத்தில் ரூட்டர் மட்டும் ஒரு முறை அணைந்து எழும். காலையில் வெயில் வந்ததும் பெரியது, அதன் வெளியீட்டு ஸ்விட்ச் அணைந்திருந்தாலும், பேட்டரியை நிரப்பத் தொடங்கிவிடும். இது எல்லா மாடலிலும் இருக்காது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தெளிவான நாளில் பன்னிரண்டு யூனிட் வரை கிடைக்கிறது. பேட்டரி பதினொரு மணி வாக்கில் நிறைந்துவிடும், அதற்குப் பிறகு வருவது எடுக்க ஆளில்லாமல் வீணாகும். அதனால் மோட்டார், துணி துவைப்பது, இஸ்திரி எல்லாம் பதினொன்றுக்கு மேல், ஒன்றன்பின் ஒன்றாக. மேகம் அடைத்த நாளில் மூன்று, நான்கு யூனிட்தான். அப்போது இஸ்திரி கிடையாது, டிவி கிடையாது, துணி காத்திருக்கும். ஃபிரிட்ஜின் வெற்றிடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, வெயில் நேரத்தில் நன்றாகக் குளிரவிட்டு, ராத்திரி தெர்மோஸ்டாட்டைக் குளிர் குறையும் பக்கம் ஓர் எண் நகர்த்தி வைப்பது உதவுகிறது. ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் அதன் ஓட்டம் குறைந்தது தெரிந்தது.

செலவைப் பங்காகச் சொன்னால், மின் வேலைக்குப் போன பணத்தில் பாதிக்கு மேல் பேட்டரியும் பெரிய இன்வெர்ட்டரும். பேனல் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. கேபிள், லக், ஃபியூஸ், ஐசோலேட்டர், ஸ்டாண்டு என்று சில்லறைக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தேன். முடியும்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறுபடி கட்டினால் பெரிய இன்வெர்ட்டரை 3 கிலோவாட்டாகக் குறைப்பேன். மோட்டாரும் இஸ்திரியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய அவசியம் இந்த வீட்டில் ஒரு நாளும் வந்ததில்லை. குறையும் பணத்தில் சாமான் அறைக் கூரைக்கும் பலகை போட்டிருக்கலாம்.

சேஞ்ச்ஓவரைத் தானியங்கியாக்க, காயிலில் மின்சாரம் போனால் தானே மாறும் ஸ்விட்சான கான்டாக்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். அதன் காயில் பிடித்திருக்கும் நேரமெல்லாம் 5 வாட் இழுக்கிறது. ராத்திரி முழுக்க அதை இழுக்கவிட்டால் 17 வாட் 22 ஆகும். காயிலுக்குப் பகலில் மட்டும் மின்சாரம் போய், இரவில் அது விட்ட நிலையிலேயே சின்ன இன்வெர்ட்டர் பக்கம் நிற்கும்படி திருப்பி இணைக்க வேண்டும். அதற்கு ஏற்ற, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தடுக்கும் வகைக் கான்டாக்டர் கைக்கு வரும்வரை கைப்பிடிதான்.